தமிழ் மாணவர்க்கு ஸ்பானிய மொழி: ஒரு தோற்றுவாய்

(ஸ்கந்தபுரத்துப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர்)

பிறமொழி பயில விழையும் தமிழ் மாணவன் முதலிற் சென்று தட்டும் வாயில் ஆங்கிலமே. பிரெஞ்சாயினும் யேர்மானியமாயினும் ஸ்பானியமாயினும் அவற்றைக் கற்பிக்கும் நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்தாரை நோக்கியே எழுதப்பட்டுள்ளன. இக்காலத்துக் கைப்பேசிவழிப் பாடங்களும் இந்நெறியினின்று பெரிதும் விலகவில்லை. ஆதலின், ஆங்கிலத்திற் பின்தங்கிய மாணவனொருவன், ஏனை மொழிகளும் தனக்கு எட்டாக் கனியே எனத் துணிந்து விடுகின்றான். அக்கராயன்குளத்தை அடுத்த ஸ்கந்தபுரம் போன்ற வன்னிக் கிராமங்களிற் கற்பிப்போர் இத்துணிபை மாணவர் வாயிலாக ஆண்டுதோறும் கேட்பர். “எனக்கு மொழி வராது” என்பது அவர்தம் சொல். ஆங்கிலம் வராமையும் மொழி வராமையும் ஒன்றல்ல என்பதை அவர்க்கு உணர்த்துவார் அரியர்.

தமிழிலக்கணத்தைச் செவ்வையாகக் கற்ற ஒருவன், ஆங்கிலத்தின் துணையின்றியே ஸ்பானிய மொழியின் அடிப்படைகளை விளங்கிக்கொள்ளலாம் என்பதும், சில இடங்களில் ஆங்கிலேய மாணவனிலும் எளிதாக விளங்கிக்கொள்ளலாம் என்பதும் இக்கட்டுரையின் துணிபு. இதனை எழுத்து, சொல் என்னும் நம் இலக்கண முறையிலேயே வைத்துக் காட்டுவாம்.

மொழியின் வரலாறு

ஸ்பானிய மொழி இலத்தீனின் வழித்தோன்றல். போர்த்துக்கேயம், பிரெஞ்சு, இத்தாலியம், உருமேனியம் என்பன அதன் உடன்பிறப்புகள். ஸ்பெயின் தேசத்துக் காஸ்தீலியப் பகுதியில் வழங்கியமையால் இதனைக் காஸ்தீலிய மொழி எனவும் கூறுவர். அந்தோனியோ தே நெப்ரிஹா என்னும் அறிஞர் இம்மொழிக்கு 1492ஆம் ஆண்டிலே முதல் இலக்கணநூல் இயற்றினார். கொலம்பசு மேற்றிசைக் கடலைக் கடந்ததும் அவ்வாண்டிலேயாம். அக்கடற் பயணத்தின் பயனாக இன்று ஏறத்தாழ 20 நாடுகளில் ஸ்பானியம் ஆட்சிமொழியாய் விளங்குகின்றது. அதனைத் தாய்மொழியாக உடையார் 50 கோடியை அணுகுவர். ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு அலுவல் மொழிகளுள் அதுவும் ஒன்று.

நமக்கும் இம்மொழிக்கும் என்ன தொடர்பு என வினவலாம். தொடர்பு ஒருவழியானும் இல்லாமற் போகவில்லை. 1580 முதல் 1640 வரை ஸ்பெயின் மன்னரே போர்த்துக்கலுக்கும் மன்னராயிருந்தனர். எனவே, 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் கைப்பட்ட போது அவர்தம் முடியை அணிந்திருந்தவன் ஸ்பெயின் நாட்டு மூன்றாம் பிலிப்பு. 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றும் வரை யாழ்ப்பாணத்தில் வழங்கிய ஆட்சிமொழி போர்த்துக்கேயம். ஸ்பானியமும் போர்த்துக்கேயமும் உடன்பிறந்த மொழிகள். ஒன்றின் சொல்லை அறிந்தவன் மற்றதன் சொல்லைப் பெரும்பாலும் ஊகித்தறிவான். அவ்வகையில், நம் வீட்டுக் குசினியும் மேசையும் அலுமாரியும் ஸ்பானிய மொழிக்கு வாயில்களாகின்றன. இதனைப் பின்னர்க் காண்பாம்.

ஈண்டு மற்றுமொரு செய்தி நினைக்கத்தக்கது. போர்த்துக்கேயப் பாதிரியாரான அன்றிக் அடிகளார் முத்துக்குளித்துறைக் கரையிலிருந்து தமிழ் பயின்று, 1549ஆம் ஆண்டளவில், போர்த்துக்கேய மொழியிலே தமிழுக்கோர் இலக்கணம் வரைந்தார். 1578இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ அவர் தமிழாக்கியது. அவர் கையாண்ட முறை யாதெனின், தமக்குத் தெரிந்த இலத்தீன் இலக்கணத்தை அளவுகோலாக வைத்துத் தமிழை அளந்தமையாம். அவ்வளவுகோல் சில இடங்களிற் பொருந்திற்று. சில இடங்களிற் பொருந்தவில்லை. ஆயினும் தெரிந்ததைக் கொண்டு தெரியாததை அறிதல் என்னும் நெறி நன்னெறியே. அவர் தம் அளவுகோலால் நம் மொழியை அளந்தார். யாம் நம் அளவுகோலால் அவர்தம் அண்டை மொழியை அளப்பாம்.

எழுத்து

ஸ்பானிய மொழியில் உயிரொலிகள் ஐந்து: அ, எ, இ, ஒ, உ. ஆங்கிலத்தில் ஓரெழுத்து இடத்துக்கு இடம் வெவ்வேறாக ஒலித்தல் போல ஸ்பானியத்தில் நிகழாது. எழுதியவாறே வாசிப்பதும் வாசித்தவாறே எழுதுவதும் பெரும்பாலும் அமையும். தமிழெழுத்தைக் கூட்டி வாசிக்கப் பழகிய சிறுவனுக்கு இது புதிதன்று.

ஆங்கே குறில் நெடில் என்னும் பொருள் வேறுபாடு இல்லை. அதன் இடத்தில் அழுத்தம் உண்டு. ஒவ்வொரு சொல்லிலும் ஓருயிர் அழுத்திச் சொல்லப்படும். இக்கட்டுரையில் அழுத்தம் பெறும் உயிரை நெடிலாகவும் பெறாதவற்றைக் குறிலாகவும் எழுதியுள்ளோம். எகர ஒகரக் குறில்கள் சொல்லிறுதியில் நிற்றல் தமிழ் மரபுக்கு அருகியதேனும் ஈண்டு வேண்டப்படுகின்றது. அழுத்தம் மாறிற் பொருளும் மாறும் என்பதற்கு ஓரெடுத்துக்காட்டு: ‘தோமொ’ என்றால் ‘எடுக்கிறேன்’, ‘தொமோ’ என்றால் ‘அவன் எடுத்தான்’.

சொல்லிறுதி உயிராகவோ, ன், ஸ் என்னும் மெய்களாகவோ இருப்பின் ஈற்றயல் அசையில் அழுத்தம் விழும்; ஏனை மெய்களாயின் இறுதி அசையில் விழும். இவ்விதிக்கு அமையாத சொற்களில் அழுத்தம் பெறும் உயிரின்மேல் ஒரு சாய்கோடு இடுவர். ஆதலின் வாசிப்போன் தடுமாற இடமில்லை.

மெய்களைப் பொறுத்தவரை நம் மாணவர்க்கு மூன்று நன்மைகள் உள. முதலாவது, க, த, ப என்பன இரண்டு உயிர்களுக்கு இடையில் வரும்போது தமிழில் மென்மையடைகின்றன. ‘தந்தை’, ‘பாதை’ என்னும் சொற்களை ஒலித்துப் பார்க்க. ‘பாதை’யிலுள்ள தகரம் நா பல்லை அழுத்தாது உரசிச் செல்வதைக் காணலாம். ஸ்பானியத்திலும் அவ்வாறே. ‘ஒன்றுமில்லை’ எனப் பொருள்படும் ‘நாத’ என்னும் சொல்லின் தகரம் நம் ‘பாதை’யின் தகரமே. ஆங்கிலேய மாணவர் இதற்குப் பன்னாட் பயிற்சி பெறல் வேண்டும்.

இரண்டாவது, ரகர றகர வேறுபாடு. இடையின ரகரமும் வல்லின றகரமும் வேறெனக் கற்றவர் நாம். ஸ்பானியத்திலும் மெல்ல ஒலிக்கும் ரகரமும் நா நுனி பலமுறை அதிர ஒலிக்கும் ரகரமும் பொருள் வேறுபடுத்துவன. ‘பேரொ’ என்பது ‘ஆனால்’. ‘பேறொ’ என்பது ‘நாய்’. மூன்றாவது, ஞகரம். ஸ்பானியத்தார் னகரத்தின்மேல் அலைக்கோடிட்டு எழுதும் எழுத்து நம் ஞகரமே. ‘மஞான’ என்னும் சொல் காலையையும் நாளையையும் ஒருங்கே குறிக்கும்.

இடர் தரும் இடங்களையும் மறைத்தல் ஆகாது. சொல்லின் முதலில் க, த, ப என்பன ஸ்பானியத்தில் வல்லோசையாகவும் வரும். ‘தம்பி’யின் பகரம் போலவும் ‘தங்கம்’ என்பதன் ககரம் போலவும் மெல்லோசையாகவும் வரும். தமிழெழுத்து இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டாது. ‘பேஸொ’ என்பதை வல்லோசையால் தொடங்கினால் ‘நிறை’. மெல்லோசையால் தொடங்கினால் ‘முத்தம்’. சந்தையிலே நிறை கேட்கச் சென்றவன் இவ்வேறுபாட்டில் விழிப்பாயிருத்தல் நன்று. ஸ்பானியரின் ‘வ’ எழுத்தும் ‘ப’ எழுத்தும் அவர் வாயில் ஒரே மெல்லோசையாம் என்பதும் நினைவிலிருத்தத்தக்கது. ஹகர எழுத்து அவர்க்கு ஒலியற்றது. ‘ஓல’ என்னும் முகமன் சொல்லை அவர் ஹகரமிட்டே எழுதுவர், ஒலிப்பதில்லை.

உயிர்களுக்கிடையே வல்லோசை வேண்டுமிடத்து இரட்டித்து எழுதியுள்ளோம். ஸ்பெயின் நாட்டின் பெரும்பகுதியில் நாநுனியைப் பல்லிடை வைத்து ஒலிக்கப்படும் ஓரொலி, அமெரிக்க நாடுகளில் ஸகரமாகவே ஒலிக்கும். தொடக்க மாணவர்க்கு அமெரிக்க வழக்கே எளிதாகலின் அதனையே கொண்டோம்.

நம் வீட்டிலுள்ள ஸ்பானியச் சொற்கள்

போர்த்துக்கேயர் வழியாக நம் பேச்சிற் புகுந்த சொற்களுட் சிலவற்றை அவற்றின் ஸ்பானிய உடன்பிறப்புகளோடு வைத்துக் காட்டுவாம். முதலில் உள்ளது நம் சொல். அடுத்தது ஸ்பானியச் சொல்.

மேசை — மேஸ
அலுமாரி — அர்மாரியொ
சப்பாத்து — ஸப்பாத்தொ
பாண் — பான்
குசினி — கொஸீன
துவாய் — தொஆய
கோப்பை — கோப்ப
பொத்தான் — பொத்தோன்
வாங்கு — பான்கொ
குருசு — க்ரூஸ்
கொய்யா — குவயாப
பப்பாளி — பப்பாய
அன்னமுன்னா — அனோன

இவற்றுள் பொத்தோன், பான்கொ, குவயாப என்பவற்றின் முதலெழுத்து மெல்லோசை பெறும். இப்பதின்மூன்று சொற்களையும் மாணவன் புதிதாக மனனஞ் செய்ய வேண்டுவதில்லை; ஒலியைத் திருத்திக்கொண்டாற் போதும்.

சில சொற்கள் ஒலியால் ஒத்துப் பொருளால் விலகி நிற்கும். ‘லேஞ்சி’ நமக்குக் கைக்குட்டை. ஸ்பானிய ‘லியேன்ஸொ’ துணியையும் ஓவியன் தீட்டும் திரைச்சீலையையும் குறிக்கும். ‘களிசான்’ நமக்குக் காற்சட்டை; ஸ்பானியக் ‘கல்ஸோன்’ பல நாடுகளில் உள்ளாடை. ‘பாதிரி’ நமக்குக் கிறித்தவக் குரு. ஸ்பானியப் ‘பாத்ரெ’ முதற்கண் தந்தையைக் குறித்துப் பின்னரே குருவைக் குறிக்கும். ‘மேஸ்திரி’ நமக்குக் கட்டட வேலையாளரின் தலைவன். ஸ்பானிய ‘மயேஸ்த்ரொ’ ஆசிரியன். ‘விறாந்தை’ நமக்கு வீட்டின் முன்தாழ்வாரம். ஸ்பானியப் ‘பராந்த’ மாடியிலும் படிக்கட்டிலும் உள்ள கைபிடிக் கிராதி. எல்லாவற்றினும் எச்சரிக்கையுடன் கொள்ளவேண்டியது ‘கதிரை’. போர்த்துக்கேயர்க்கு அஃது ஆசனம். ஸ்பானியக் ‘கதேர’ மனிதனின் இடுப்பெலும்புப் பகுதி. ஆசனத்துக்கு அவர் ‘ஸீய’ என்பர். ‘யன்னல்’ என்பதற்கும் ஸ்பானியத்தில் உறவில்லை. அவர் சொல் ‘பென்தான’.

ஓர் ஒலிமாற்ற விதியையும் இங்கு அறியலாம். இலத்தீன் ஒகரம் போர்த்துக்கேயத்தில் ஒகரமாகவே நிற்க, ஸ்பானியத்தில் அழுத்தம் பெறுமிடத்து ‘உவே’ எனத் திரிவதுண்டு. நாம் சில்லைக் குறிக்க வழங்கும் ‘ரோதை’ போர்த்துக்கேயர் தந்தது. அதனை ஸ்பானியர் ‘ருவேத’ என்பர். இவ்விதியை அறிந்தவன் ஒரு சொல்லிலிருந்து பல சொற்களை ஊகிப்பான்.

கொடை ஒருவழிப்பட்டதன்று. நம் ‘கட்டுமரம்’ ஐரோப்பியர் வாய்ப்பட்டு ஸ்பானியத்திற் ‘கத்தமரான்’ ஆயிற்று. ‘வெற்றிலை’ மலையாளக் கரை வழியாகச் சென்று ‘பெத்தேல்’ ஆயிற்று. ‘தேக்கு’ ‘தேக்க’ ஆயிற்று. தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் ‘மாங்காய்’ ‘மாங்கொ’ ஆயிற்று. மறுபுறம், வன்னித் தோட்டத்து மிளகாயும் கச்சானும் சோளனும் மரவள்ளியும் பப்பாளியும் கொய்யாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து அக்கடலோடிகளின் வழியாக வந்தவை. நம் தோட்டத்தைச் சுற்றி வருதலே பாதி ஸ்பானிய அகராதியைப் புரட்டுதலை ஒக்கும்.

பெயர்: பாலும் எண்ணும்

ஸ்பானியப் பெயர்ச்சொற்கள் யாவும் ஆண்பாலாகவோ பெண்பாலாகவோ அமையும். உயிரற்ற பொருள்களும் இதற்கு விலக்கல்ல. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். பகுத்தறிவுடையாரை உயர்திணையென்றும் ஏனையவற்றை அஃறிணையென்றும் பொருள்நோக்கிப் பிரித்த தமிழ் மரபினர்க்கு இது விந்தையாகவே தோன்றும். ஆங்கே பால் பொருளைப் பற்றியதன்று. சொல்லைப் பற்றியது என்க. ஒகர ஈற்றன பெரும்பாலும் ஆண்பால். அகர ஈற்றன பெரும்பாலும் பெண்பால். ‘மானொ’ (கை) ஒகர ஈறாயினும் பெண்பாலாதலும், ‘மாப்ப’ (தேசப்படம்) அகர ஈறாயினும் ஆண்பாலாதலும் போன்ற விலக்குகள் சில உள.

பெயரின் முன் ஒரு சுட்டிடைச்சொல் நிற்கும்: ஆண்பால் ஒருமைக்கு ‘எல்’, பெண்பால் ஒருமைக்கு ‘ல’, பன்மைக்கு முறையே ‘லொஸ்’, ‘லஸ்’. உயிரீற்றுப் பெயர்க்கு ஸகரமும் மெய்யீற்றுப் பெயர்க்கு ‘எஸ்’ஸும் பன்மை விகுதிகள். ‘ல மேஸ’ என்றால் மேசை. ‘லஸ் மேஸஸ்’ என்றால் மேசைகள்.

அடைச்சொல் பெரும்பாலும் பெயரின் பின் வந்து, அதன் பாலையும் எண்ணையும் ஏற்கும். ‘ல மேஸ ஆல்த’ (உயரமான மேசை), ‘லஸ் மேஸஸ் ஆல்தஸ்’ (உயரமான மேசைகள்). நம் ‘நல்ல’ என்னும் பெயரெச்சம் இவ்வாறு மாறாதெனினும், நல்லன், நல்லள், நல்லர், நல்லது, நல்லன எனக் குறிப்பு வினைமுற்று மாறுதலை நாம் அறிவோம். ஸ்பானிய அடைச்சொல்லை இக்குறிப்பு வினைமுற்றோடு ஒப்பிட்டுக் கற்பின் மயக்கம் நீங்கும்.

வினை: விகுதியே எழுவாயை உணர்த்தல்

‘வந்தேன்’ என்ற ஒரு சொல்லே யார் வந்தாரென்பதை உணர்த்தும். ‘நான்’ என்பதைக் கூற வேண்டுவதில்லை. இது தமிழ் வினைமுற்றின் சிறப்பு. ஆங்கில வினைக்கு இவ்வாற்றல் பெரும்பாலும் இல்லை. ஸ்பானிய வினைக்கு உண்டு. எனவே தோன்றா எழுவாய் ஆங்கும் இயல்பான வழக்கு.

ஸ்பானிய வினைகள் ‘ஆர்’, ‘ஏர்’, ‘ஈர்’ என முடியும் மூவகையின. எடுத்தல், குடித்தல் எனப் பொருள்படும் ‘தொமார்’ என்பதன் நிகழ்கால வடிவங்கள் வருமாறு:

தோமொ — எடுக்கிறேன்
தோமஸ் — எடுக்கிறாய்
தோம — எடுக்கிறான், எடுக்கிறாள், எடுக்கிறது
தொமாமொஸ் — எடுக்கிறோம்
தோமன் — எடுக்கிறார்கள்

உண்ணுதலைக் குறிக்கும் ‘கொமேர்’ என்பது கோமொ, கோமெஸ், கோமெ, கொமேமொஸ், கோமென் என வரும். புறப்படுதலைக் குறிக்கும் ‘பர்தீர்’ என்பது பார்தொ, பார்தெஸ், பார்தெ, பர்தீமொஸ், பார்தென் என வரும். மூன்றையும் ஒப்பிட்டு நோக்கின் தன்மை ஒருமைக்கு ஒகரமும், முன்னிலைக்கு ஸகரமும், தன்மைப் பன்மைக்கு ‘மொஸ்’ஸும், படர்க்கைப் பன்மைக்கு னகரமும் விகுதிகளாதல் தெற்றென விளங்கும். ஏன், ஆய், ஆன், ஓம், ஆர்கள் என்று விகுதி பிரித்துப் பழகிய மாணவன் இதனை ஒரு பாடவேளையிற் கற்பான். ஸ்பெயின் தேசத்தில் முன்னிலைப் பன்மைக்கு வேறொரு வடிவமும் உண்டு. தொடக்கத்தில் அது வேண்டுவதில்லை.

எதிர்மறைக்கு வினையின் முன் ‘நோ’ என்பதை வைத்தாற் போதும்: ‘நோ தோமொ கஃபே’ (கோப்பி குடிப்பதில்லை). வினாவுக்குத் துணைவினை எதுவும் வேண்டா. குரலை உயர்த்தினாலே வினாவாகும். எழுதும்போது வாக்கியத்தின் தொடக்கத்தில் தலைகீழாகவும் இறுதியில் நேராகவும் வினாக்குறி இடுதல் அவர் வழக்கு.

முன்னிலையில் மரியாதை வேறுபாடு உண்டென்பது நம்மவர்க்கு மகிழ்ச்சி தரும். நெருங்கியோரைத் ‘தூ’ என்பர். இவ்வொலியைக் கேட்டு நகையாடற்க; அவர்க்கு அது நம் ‘நீ’. மதிப்பிற்குரியோரை ‘உஸ்தேத்’ என்பர். அது நம் ‘நீங்கள்’. ‘தங்கள் கருணை’ என்னும் பொருள்படும் பழந்தொடரொன்று மருவியே ‘உஸ்தேத்’ ஆயிற்று. அதனால் அது படர்க்கை வினையையே கொண்டு முடியும். எதிரில் நிற்கும் பெரியவரை நோக்கி “ஐயா சாப்பிட்டாரோ?” எனப் படர்க்கையில் வினவும் நம்மவர் பணிவை இஃது ஒக்கும்.

இருவகை ‘இருத்தல்’

ஸ்பானியம் பயிலும் ஆங்கிலேயர் பெரிதும் இடர்ப்படும் இடம் ‘ஸேர்’, ‘எஸ்தார்’ என்னும் இரு வினைகளாம். இரண்டையும் ஆங்கிலம் ஒரே வினையாற் கூறும். தமிழோ இரண்டையும் வேறாகவே வைத்துள்ளது. “நான் ஆசிரியன்” என்பதில் ‘இரு’ என்னும் வினை இல்லை. அது பெயர்ப்பயனிலை கொண்ட வாக்கியம். “நான் வீட்டில் இருக்கிறேன்” என்பதில் ‘இரு’ உண்டு. முன்னையது ஸ்பானியத்தில் ‘ஸேர்’: ‘ஸோய் மயேஸ்த்ரொ’. பின்னையது ‘எஸ்தார்’: ‘எஸ்தோய் என் காஸ’. காஸ என்பது வீடு; ‘என்’ என்பது ஏழனுருபின் பொருள்படும் முன்னிடைச்சொல்.

ஒரே அடைச்சொல் இரண்டினோடும் சேர்ந்து பொருள் மாறுதலும் உண்டு. ‘ஏஸ் லீஸ்த’ என்றால் ‘அவள் கெட்டிக்காரி’. ‘எஸ்தா லீஸ்த’ என்றால் ‘அவள் ஆயத்தமாக இருக்கிறாள்’. முதலாவது இயல்பு, இரண்டாவது நிலை. தமிழிலும் முதலாவதற்கு ‘இரு’ வேண்டப்படவில்லை, இரண்டாவதற்கு வேண்டப்பட்டது என்பதை நோக்குக. எல்லா இடங்களிலும் இவ்வொப்பு இம்மியும் பிசகாது நிற்குமென்று கூறல் இயலாது. நிகழ்ச்சி நடைபெறும் இடத்தைக் கூறுங்கால் ஸ்பானியர் ‘ஸேர்’ என்பதையே வழங்குவர். ஆயினும் தொடக்க மாணவனுக்கு இதனினும் சிறந்த வழிகாட்டி இல்லை.

வினைவடிவங்கள்: ‘ஸேர்’ — ஸோய், ஏரெஸ், ஏஸ், ஸோமொஸ், ஸோன். ‘எஸ்தார்’ — எஸ்தோய், எஸ்தாஸ், எஸ்தா, எஸ்தாமொஸ், எஸ்தான்.

வேற்றுமை: மறைந்து நிற்கும் திணை

தமிழில் இரண்டாம் வேற்றுமை உருபு அஃறிணைப் பெயரோடு தொக்கும் வரும், விரிந்தும் வரும். ‘வீடு பார்த்தேன்’, ‘வீட்டைப் பார்த்தேன்’ இரண்டும் அமையும். உயர்திணைப் பெயர்க்கோ உருபு விரிந்தே வரல் வேண்டும். ‘ஆசிரியையைப் பார்த்தேன்’ என்பதே வழக்கு. உருபு தொகின் பொருள் மயங்கும். பார்த்தவர் யார், பார்க்கப்பட்டவர் யார் என்னும் ஐயம் மக்கட் பெயரிலேயே பெரிதும் எழும் ஆதலின், உருபு அங்கே காவலாய் நிற்கின்றது.

இதனையொத்த வழக்கு ஸ்பானியத்திலும் உண்டு. செயப்படுபொருள் குறித்த ஓர் ஆளாயின் அதன் முன் ‘அ’ என்னும் இடைச்சொல் வரும். உயிரற்ற பொருளாயின் வாராது. ‘மீரொ ல மேஸ’ (மேசையைப் பார்க்கிறேன்) என்பதில் அது இல்லை. ‘மீரொ அ ல மயேஸ்த்ர’ (ஆசிரியையைப் பார்க்கிறேன்) என்பதில் உண்டு. அஃறிணைப் பொருள்களுக்கும் ஆண்பெண் பால் வகுத்த அம்மொழி, இவ்விடத்திலே உயர்திணையையும் அஃறிணையையும் நம்போற் பிரித்துக் காண்கின்றது.

ஒப்புமை இவ்வளவில் நில்லாது. வீட்டில் அன்போடு வளர்க்கும் நாயைச் செயப்படுபொருளாக்கும்போது ஸ்பானியர் அதற்கும் அவ்விடைச்சொல்லை வழங்குவர். நாமும் பசுவை “என் இலட்சுமி வந்தாள்” என்போம். உவப்பினால் அஃறிணை உயர்திணையாகச் சொல்லப்படுதல் திணைவழுவமைதி என நன்னூல் கற்றோர் அறிவர். உலகின் இரு கோடிகளிலே, ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள், அன்பு என்னும் ஒரே காரணத்தால் ஒரே விதியைத் தளர்த்துகின்றன.

நான்காம் வேற்றுமையிலும் ஓரொப்பு உண்டு. ‘எனக்குப் பாண் பிடிக்கும்’ என்பதில் விரும்பும் நான் எழுவாயல்லேன். ஸ்பானியத்திலும் ‘மெ கூஸ்த எல் பான்’ என்பர். ‘மெ’ என்பது எனக்கு. ‘கூஸ்த’ என்பது பிடிக்கும். அதன் ககரம் மெல்லோசை. பிடித்த பொருள் பன்மையாயின் வினையும் பன்மையாகும்: ‘மெ கூஸ்தன் லொஸ் மாங்கொஸ்’ (எனக்கு மாம்பழங்கள் பிடிக்கும்). உனக்கு என்பதற்குத் ‘தெ’, அவனுக்கு, அவளுக்கு, உங்களுக்கு என்பவற்றுக்கு ‘லெ’ வரும். ‘நான் விரும்புகிறேன்’ என்றே எண்ணிப் பழகிய ஆங்கிலேயனுக்கு இத்தொடர் தலைகீழாகத் தோன்றும். நமக்கு இது நாள்தோறும் வழங்கும் பேச்சு.

தமிழ் வழிகாட்டாத இடங்கள்

தமிழில் வினை இறுதியில் நிற்கும். ஸ்பானியத்தில் இடையில் நிற்கும். நம் வேற்றுமை உருபுகள் பெயரின் பின் வருவன; அவர் இடைச்சொற்கள் பெயரின் முன் வருவன. நாம் ‘எனக்குப் பசிக்கிறது’ என்னுமிடத்து அவர் ‘தேங்கொ ஆம்ப்ரெ’, அதாவது ‘பசியை உடையேன்’ என்பர். இறந்தகாலத்தில் முடிந்த செயலுக்கு ஒரு வடிவமும், தொடர்ந்தோ வழக்கமாகவோ நடந்த செயலுக்கு வேறொரு வடிவமும் உண்டு: ‘தொமே’ (குடித்தேன்), ‘தொமாப’ (குடித்துக்கொண்டிருந்தேன், குடிப்பது வழக்கம்). இவற்றைப் பயிற்சியாலன்றிப் பெறல் இயலாது.

தாய்மொழியின் வாக்கிய அமைப்பு எத்துணை வலிமையுடையது என்பதற்கு மட்டக்களப்பிலே சான்றுண்டு. அங்குள்ள பறங்கியர் குடும்பங்கள் சிலவற்றில் இன்றும் வழங்கும் இலங்கைப் போர்த்துக்கேயம், சொற்களாற் போர்த்துக்கேயமாகவும் வாக்கிய அமைப்பாற் பெரிதும் தமிழை ஒத்ததாகவும், வினையை இறுதியில் வைத்து நடக்கின்றது. சில நூற்றாண்டுகள் அயலிலிருந்த தமிழ் அம்மொழியின் நடையையே மாற்றிற்று. ஆதலின் மாணவன் ஸ்பானியம் பேசத் தொடங்கும்போது வினையை இறுதிக்குக் கொண்டு செல்லல் வியப்பன்று. அதனை உணர்ந்து திருத்திக்கொள்ளல் வேண்டும்.

பயிற்சிக்குச் சில

எண்கள்: ஊனொ, தோஸ், த்ரேஸ், க்வாத்ரொ, ஸீன்கொ, ஸேய்ஸ், ஸியேத்தெ, ஓச்சொ, நுவேபெ, தியேஸ். இவற்றுள் இரண்டுக்கும் பத்துக்கும் உரிய சொற்களின் தகரம் மெல்லோசை.

முகமன்: ‘புவேனொஸ் தீயஸ்’ (காலை வணக்கம்), ‘கோமொ எஸ்தா உஸ்தேத்?’ (எப்படி இருக்கிறீர்கள்?), ‘க்ராஸியஸ்’ (நன்றி), ‘பொர் ஃபவோர்’ (தயவு செய்து), ‘அஸ்த மஞான’ (நாளை சந்திப்போம்). பிரிவின்போது கூறும் ‘அதியோஸ்’ என்பது, பிரிவாரை இறைவனிடம் ஒப்புவித்தல் என்னும் பொருளிற் பிறந்தது.

நாளொன்றுக்கு ஐந்து சொற்களும் ஒரு வினையின் ஐந்து வடிவங்களும் கற்று, அவற்றால் மூன்று வாக்கியங்கள் எழுதி, உரக்க வாசிப்பவன் சில திங்களில் எளிய உரைநடையை அகராதித் துணையோடு வாசிப்பான். ஆசிரியர் கிட்டாத ஊரில் வெளிவாரியாகக் கற்போர்க்கு உரக்க வாசித்தலே ஆசிரியராம்.

இக்கல்வியாற் பயன் யாதெனின், இரண்டு கூறலாம். ஸ்பானிய மொழியில் 1605இலும் 1615இலும் இரு பாகங்களாக வெளிவந்த செர்வாந்தேசின் ‘தொன் கிஹோத்தே’ முதல், கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்கேசின் நாவல்கள் ஈறாகப் பெருஞ்செல்வம் உண்டு. அச்செல்வம் தமிழுக்குப் பெரும்பாலும் ஆங்கில வழியாகவே வந்து சேர்கின்றது. நேரே மொழிபெயர்க்க வல்லார் நம்மிடையே தோன்றுதல் வேண்டும். இஃது ஒன்று.

மற்றது இதனினும் அண்மையது. வகுப்பறையிலே திணை, வேற்றுமை, விகுதி, வழுவமைதி என்பன பரீட்சைக்கு மனனஞ் செய்து மறக்கும் விதிகளாகி வருகின்றன. பிறமொழியொன்றைத் தமிழால் அளக்கத் தொடங்கும் மாணவன், அவ்விதிகள் மொழியின் உள்ளே இயங்கும் உறுப்புகள் என்பதைக் காண்பான். அவனுக்கு நன்னூல் பழைய நூலாகத் தோன்றாது; கையிலுள்ள கருவியாகத் தோன்றும். ஆங்கிலத்திற் குறைந்த புள்ளி பெற்றமையால் “எனக்கு மொழி வராது” என்றிருந்தவன், ஆங்கிலேயனுக்கு வராத ‘ஸேர்’, ‘எஸ்தார்’ தனக்கு வந்ததை அறியுமிடத்து அவன் நிமிர்ந்து நிற்பான்.

ஆதலின், தமிழறிவை அடிப்படையாகக் கொண்ட ஸ்பானியப் பாலபாடமொன்று எழுதப்படுதல் நன்று. ஸ்பெயினிலும் அமெரிக்க நாடுகளிலும் வாழும் நம் பழைய மாணவருள் அம்மொழி வல்லாரும், இங்கே இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியரும் கூடின் அஃது அரிய செயலன்று. ஒலியை அவர் திருத்துக. இலக்கணத்தை இவர் வகுக்க. நூல் வரும்வரை மேசையும் அலுமாரியும் சப்பாத்தும் பாணும் முதற்பாடமாக நம் வீட்டிலேயே உள்ளன.